கேட்பது யார், எதற்காக?

குழந்தைக்குக் காதுவலி. அம்மா தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஆய்வு உதவியாளர் ஒருவர் வந்து, ஒப்புதல் படிவத்தை விளக்கிவிட்டு, ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுக்கிறார். பெயர், வயது, முகவரி எல்லாம் தாண்டியதும் திரையில் இப்படி ஒரு வாக்கியம் வருகிறது: "கடந்த 12 மாதங்களில், மறுபடி வாங்கப் பணம் கைக்கு வருவதற்குள் வீட்டில் உணவு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டோம்." கீழே மூன்று கட்டங்கள்: அடிக்கடி உண்மை, சில சமயம் உண்மை, ஒருபோதும் இல்லை.

அம்மாவின் விரல் திரைக்கு மேலேயே நிற்கிறது. காதுவலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பதில் யார் கண்ணில் படும்? ‘அடிக்கடி’ என்று தொட்டால் நாளைக்கு யாராவது வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களா? பிள்ளையைப் பட்டினி போடுகிறவள் என்று எங்காவது எழுதி வைத்துவிடுவார்களா? கடைசியில் ‘ஒருபோதும் இல்லை’யைத் தொட்டுவிட்டு டேப்லெட்டைத் திருப்பிக் கொடுக்கிறார். ஆய்வுக் குழுவின் கணக்கில் அவர் எந்தக் குறையும் இல்லாதவர்.

காட்சி நான் அமைத்தது. அந்த வாக்கியம் நிஜம். அமெரிக்காவில் ஏராளமான குழந்தைகள் மருத்துவமனைகளிலும் கிளினிக்குகளிலும் அதைத்தான் கேட்கிறார்கள். வீட்டில் உணவு இருக்கிறதா, வாடகை கட்ட முடிகிறதா, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைக்க வழி இருக்கிறதா, ஆஸ்பத்திரிக்கு வர வண்டி உண்டா, வேலைக்குப் போகும்போது குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து, அந்தப் பதில்களை வைத்து என்ன செய்யலாம் என்று ஆராய்வதற்கென்றே அங்கே குழுக்கள் இருக்கின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் இது தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அதன் சிக்கல் மொத்தமும், என்னைக் கேட்டால், அந்த விரல் நின்ற சில வினாடிகளுக்குள் இருக்கிறது.

குழந்தைகள் மருத்துவத்தில் இது முன்னதாக வேரூன்றியதற்குக் காரணம் எளிது. பிறந்த முதல் ஆண்டிலேயே, உடம்புக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும், எடை பார்க்கவும் தடுப்பூசி போடவும் ஏழெட்டு முறை குழந்தையை மருத்துவரிடம் கொண்டுபோகிறார்கள். வேறெந்த அரசு அலுவலகமும் அந்தக் குடும்பத்தை அத்தனை தடவை பார்ப்பதில்லை. தவிர, தான் வாழும் வீட்டையோ சாப்பிடும் சாப்பாட்டையோ குழந்தை தேர்ந்தெடுப்பதில்லை. நோயாளி ஒருவர், அவருடைய வாழ்க்கையை நடத்துகிறவர் இன்னொருவர். ஆகவே குழந்தை மருத்துவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் குடும்பத்தோடுதான் பேசியாக வேண்டும்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகள்’ என்பது ஊருக்கே பொதுவானது: பள்ளிகள், வேலைவாய்ப்பு, குடியிருப்புச் சட்டங்கள். மைக்கேல் மார்மட் தலைமையில் உலக சுகாதார நிறுவனம் அமைத்த ஆணையம் 2008-இல் வெளியிட்ட அறிக்கை பேசியது அதைப் பற்றி. ‘சமூக ஆபத்து’ என்பது ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் நிலை: வாடகை இரண்டு மாதம் பாக்கி. ‘சமூகத் தேவை’ என்பது அந்தக் குடும்பமே "இதற்கு உதவி வேண்டும்" என்று சொல்வது. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள் என்று ஆய்வாளர்கள் ஹியூ ஆல்டர்விக்கும் லாரா காட்லீபும் 2019-இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். வாடகை பாக்கி உள்ள எல்லோரும் மருத்துவமனையிடம் உதவி கேட்க நினைப்பதில்லை. அதனால் இந்தப் பிரிவினை வெறும் சொல் விளையாட்டு இல்லை.

ஆஸ்பத்திரி குடும்ப விவகாரத்தைக் கேட்பது புதிதும் அல்ல. 1895-இல் லண்டனின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்ற பெண்மணியை வேலைக்கு வைத்தார்கள். வருகிறவர்களின் வீட்டு நிலையை விசாரிப்பது அவர் வேலை. எதற்காக? பணம் கட்ட வசதியுள்ளவர்கள் இலவச சிகிச்சை வாங்கிக்கொண்டு போகிறார்களோ என்ற சந்தேகம் மருத்துவமனைக்கும் அவரை அனுப்பிய அறக்கொடைச் சங்கத்துக்கும் இருந்தது. ஆக, அங்கே கேள்வி பிறந்ததே ஆளை வடிகட்டுவதற்காக. நடைமுறையில் ஸ்டூவர்ட் பலருக்கு உதவிகளுக்கு வழிகாட்டியதும் உண்டு. ஆனால் நியமனத்தின் நோக்கம் அது மட்டும் அல்ல.

பத்து வருடம் கழித்து, 1905-இல், பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வேறு மாதிரி நடந்தது. ரிச்சர்ட் கேபட் என்ற மருத்துவருக்கு ஒரு ஆற்றாமை. புறநோயாளிப் பிரிவில் நோயைச் சரியாகக் கண்டுபிடித்து, ஓய்வெடுங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். அதைச் செய்ய வழியில்லாத ஆளிடம் அதைச் சொல்லி என்ன பயன்? கார்னெட் பெல்டன் என்ற செவிலியரை அழைத்துவந்து உட்காரவைத்தார். அவருக்குக் கிடைத்த இடம் நடைவழியின் ஒரு மூலையில் ஒரு மேசை. சம்பளத்தை மருத்துவமனை கொடுக்கவில்லை. கேபட்தான் ஏற்பாடு செய்தார். சில மாதங்களில் பெல்டன் காசநோயால் விலக, ஐடா கேனன் அந்த மேசைக்கு வந்து பல பத்தாண்டுகள் அந்த வேலையை வளர்த்தார்.

லண்டனில் ஒரு மேசை, பாஸ்டனில் ஒரு மேசை. கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான்: எங்கே குடியிருக்கிறீர்கள், என்ன வருமானம், வீட்டில் எத்தனை பேர்? ஒன்று வடிகட்டியது, மற்றொன்று கைகொடுக்கக் கேட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு இது எந்த மேசை என்று எப்படித் தெரியும்? நூற்றிச் சொச்சம் ஆண்டுகள் கழித்து, டேப்லெட்டைக் கையில் வைத்திருக்கும் அம்மாவும் அதையேதான் யோசிக்கிறார்.

இடையில் நடந்தவற்றில் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. 1960-களில் மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பாயு பகுதியில் ஜாக் கைகர் என்ற மருத்துவர் நடத்திய சுகாதார மையத்தில், சத்துக்குறைவான குழந்தைகளுக்கு மருந்துச் சீட்டிலேயே உணவை எழுதிக் கொடுத்தார்கள். உள்ளூர்க் கடைகள் அதை நிறைவேற்ற, செலவு மையத்தின் மருந்தகக் கணக்கில் ஏறியது. மருந்தகப் பணம் நோய்க்கு மருந்து வாங்கத்தானே என்று மேலிடத்திலிருந்து ஆட்சேபம் வந்தபோது கைகர் சொன்ன பதில் இந்தத் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம்: நான் கடைசியாகப் பாடப்புத்தகத்தைப் புரட்டியபோது, சத்துக்குறைவுக்கு மருந்து உணவு என்றுதான் போட்டிருந்தது.

1993-இல் பாஸ்டனில் பேரி சக்கர்மன் என்ற குழந்தை மருத்துவர் ஒரு வழக்கறிஞரை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார். எவ்வளவு மருந்து கொடுத்தும் ஆஸ்துமா அடங்காத குழந்தைகள், விசாரித்தால் வீட்டுச் சுவரில் பூஞ்சை, வீட்டுக்காரரோ கண்டுகொள்வதில்லை. மருத்துவர் போன் செய்தால் அசையாதவர், வக்கீல் கடிதம் போனால் அசைகிறார். 1996-இல் அதே வட்டாரத்தில் ரெபெக்கா ஓனி என்ற கல்லூரி மாணவி சக்கர்மனோடு சேர்ந்து, மருத்துவர் எழுதும் ‘உணவு’, ‘வீட்டுக்கு வெப்பம்’ போன்ற சீட்டுகளை மாணவத் தொண்டர்கள் நிறைவேற்றித் தரும் ஏற்பாட்டைத் தொடங்கினார். இவையெல்லாம் நல்ல மனிதர்களின் முயற்சிகள். நல்லது நடந்ததா என்று அளந்து பார்க்க வந்தவர்கள்தான் ஆய்வுக் குழுக்கள்.

அளப்பதற்கு முதலில் ஒரு அளவுகோல் வேண்டும். வீட்டு உணவுப் பாதுகாப்பை அளக்க அமெரிக்க வேளாண் துறையிடம் 18 கேள்விகள் கொண்ட ஒரு கணக்கெடுப்பு இருந்தது. அழுகிற குழந்தையோடு வந்தவரிடம் 18 கேள்வியா? 2010-இல் எரின் ஹேகர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதிலிருந்து இரண்டை மட்டும் பிரித்தெடுத்துச் சோதித்தார்கள். ஒன்று, மேலே டேப்லெட்டில் வந்தது. இரண்டாவது, வாங்கிய உணவு போதாமல் போய், மேலும் வாங்கப் பணம் இல்லாமல் இருந்ததா என்பது. இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு ‘அடிக்கடி’ அல்லது ‘சில சமயம்’ என்று சொன்னாலே கணக்கில் சேரும். நீண்ட கணக்கெடுப்பு சிக்கல் உண்டு என்று காட்டிய 100 குடும்பங்களில் 97-ஐ இந்த இரண்டு கேள்விகளே பிடித்துவிட்டன. சிக்கல் இல்லாத 100-இல் 17 குடும்பங்களையும் சேர்த்துப் பிடித்தன என்பது வேறு. ஒரு உதவித் தகவலைக் கூடுதலாக 17 பேருக்குக் கொடுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. 2015-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் இந்த இரண்டு கேள்விகளைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டு வறுமையும் குழந்தை நலமும் பற்றித் தனிக் கொள்கை அறிக்கையும் வந்தது.

சரி, கேட்டாயிற்று. அப்புறம்?

ஆர்வின் கார்க் குழு பாஸ்டனில் எட்டு சமூக சுகாதார மையங்களில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு பதில். மையங்களையே குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில், மருத்துவரைப் பார்க்கும் முன் அம்மாக்கள் ஒரு சிறு தாளை நிரப்பினார்கள். குழந்தைப் பராமரிப்பு, படிப்பு, வேலை, உணவு, வீட்டுக்கு வெப்பம், குடியிருப்பு ஆகிய ஆறு விஷயங்கள் அதில் இருந்தன. மருத்துவரிடம் ஒரு தடித்த கோப்பு. ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பக்கம், கிழித்துக் கையில் கொடுக்கிற மாதிரி, எங்கே போக வேண்டும் யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரத்தோடு. தொழில்நுட்பம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. 336 அம்மாக்கள் பங்கேற்றார்கள். வழக்கமான முறை நடந்த மையங்களில் 8 சதவீதம் பேருக்குத்தான் ஏதாவது ஒரு உதவிக்கு வழிகாட்டல் கிடைத்தது. தாள் வைத்த மையங்களில் 70 சதவீதம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், புதிதாக ஏதாவது ஒரு உதவித் திட்டத்தில் சேர்ந்தவர்கள் 24 சதவீதத்துக்கு எதிராக 39 சதவீதம்.

அந்த 8-ஐத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அங்கிருந்த மருத்துவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. கேட்கும் பழக்கமும், கேட்டால் கொடுப்பதற்குக் கையில் ஒரு தாளும் இல்லை, அவ்வளவுதான். அதேசமயம் 70-க்கும் 39-க்கும் நடுவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. விவரம் கையில் வந்துவிட்டால் உதவி வீட்டுக்கு வந்துவிட்டது என்று ஆகாது. அலுவலக நேரம், வரிசை, சான்றிதழ், ‘அடுத்த வாரம் வாங்க’ எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கின்றன.

அந்தப் பள்ளத்தைத் தாண்ட ஒரு ஆள் கூடவே வந்தால்? காட்லீப் குழு சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லாண்ட் மருத்துவமனைகளில் 1,809 குடும்பங்களை வைத்து இதைச் சோதித்து 2016-இல் வெளியிட்டது. ஒரு பிரிவுக்குப் பொதுவான அச்சிட்ட தகவல் தாள். இன்னொரு பிரிவுக்கு வழிகாட்டுநர் ஒருவர் நேரில் உட்கார்ந்து பேசி, பிறகும் தொடர்புகொண்டு உதவுவார். நான்கு மாதத்தில் வழிகாட்டுநர் இருந்த குடும்பங்களில் தேவைகளின் எண்ணிக்கை சராசரியாகக் குறைந்தது. தாள் மட்டும் வாங்கியவர்களிடம் சற்றே கூடியது. குழந்தையின் உடல்நலமும் முதல் பிரிவில் அதிகம் முன்னேறியதாகப் பெற்றோர் சொன்னார்கள். பெற்றோர் சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். மருத்துவர் சோதித்து எழுதியது அல்ல.

எல்லோரும் கைதட்டினார்கள். இங்கேயே நிறுத்தியிருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். அந்தக் குழு நிறுத்தவில்லை. 2020-இல் இன்னொரு சோதனையின் முடிவை வெளியிட்டது. 611 பேர். இந்த முறை தாள் வாங்கிய பிரிவுக்கும் பொதுவான தாள் அல்ல, அந்தந்தக் குடும்பம் சொன்ன தேவைக்கு ஏற்பத் தயாரித்த தாள். ஆறு மாதம் கழித்து இரண்டு பிரிவிலும் நிலைமை முன்னேறியிருந்தது. இரண்டுக்கும் இடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வழிகாட்டுநர் வீண் என்று இதற்கு அர்த்தம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. நல்ல தாள் கிடைத்தால் பல குடும்பங்கள் தாங்களே ஓடிப்போய்க் காரியத்தை முடித்துக்கொள்ளும் என்பதையும் இது காட்டலாம். ஆனால் உதவியே கொடுக்காமல் விட்ட மூன்றாவது பிரிவு அந்த ஆய்வில் இல்லாததால், காலப்போக்கில் தானாகவே சரியானது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. தேவை தெரிந்த பிறகு ஒரு குடும்பத்தைச் சும்மா அனுப்ப எந்த மருத்துவமனை சம்மதிக்கும்? துல்லியமான ஆய்வும் நியாயமான நடத்தையும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

இன்னொரு முட்டல் வெளியே தெரியாது. ஆறு மாதம் கழித்துக் குழுவினர் போன் செய்யும்போது எடுக்காதவர்கள் யார்? எண் துண்டிக்கப்பட்டவர்கள், வீடு மாறியவர்கள், இரண்டு வேலை பார்க்கிறவர்கள். அதாவது யாரைப் பற்றி ஆய்வோ அவர்களே கணக்கிலிருந்து நழுவுகிறார்கள்.

கேட்கும் முறையைப் பற்றியும் சோதனைகள் நடந்திருக்கின்றன. 2014-இல் வெளியான ஆய்வில், அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்த 538 பராமரிப்பாளர்களில் சிலரிடம் ஆள் நேரில் கேட்டார், சிலர் கணினியில் நிரப்பினார்கள். வீட்டில் வன்முறை, போதைப் பழக்கம் போன்றவற்றைக் கணினியிடம்தான் அதிகம் பேர் சொன்னார்கள். திரை முகம் சுளிக்காது. அவமானத்துக்குத் திரை ஒரு மறைப்பு. ஆனால் பயத்துக்கு அது மருந்தாகாது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் குழந்தை புறக்கணிக்கப்படுவதாகச் சந்தேகம் வந்தால் மருத்துவர் சட்டப்படி புகார் செய்தாக வேண்டும். வறுமைக்கும் புறக்கணிப்புக்கும் நடுவிலுள்ள கோடு மெல்லியது, அதை யார் எப்படிப் போடுவார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியாது. குடியேறிய குடும்பங்களுக்கு இன்னொரு பயம்: அரசு உதவி வாங்கினால் அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்குத் தடையாகுமா? 2019-இல் அறிவித்து 2020-இல் நடைமுறைக்கு வந்து அடுத்த ஆண்டே கைவிடப்பட்ட ஒரு விதி அந்தப் பயத்தை ஊதிப் பெரிதாக்கியது. விதி போனாலும் பயம் போவதற்கு நாளாகும்.

ஆனால் மேரிலாந்தில் ஹவர்ட் டுபோவிட்ஸ் குழு 2009-இல் வெளியிட்டது இங்கே பொருந்தும். தாயின் மனச்சோர்வு, போதைப் பழக்கம், வீட்டு வன்முறை போன்றவற்றைக் கேட்கப் பயிற்சி பெற்ற மருத்துவர்களும் சமூகப் பணியாளரும் இருந்த கிளினிக்குகளில், குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குப் போன புகார்கள் கூடவில்லை, குறைந்தன. வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 19.2 சதவீதக் குடும்பங்கள்மீது புகார், இங்கே 13.3. முன்கூட்டியே கேட்டு, கேட்டதற்கு ஏதாவது செய்தால், புகார் வரை போகாது என்று இதைப் படிக்கலாம். இந்த எண்ணை டேப்லெட் வைத்திருக்கும் அம்மாவிடம் யாரும் சொல்வதில்லை என்பதுதான் வருத்தம்.

ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டுக்கொண்டே போனால் ஊர்ப் பிரச்சினை தெரியுமா? சின்சினாட்டியில் தெரிந்தது. அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையின் கிளினிக்குகள் சட்ட உதவி அமைப்பு ஒன்றோடு கைகோத்திருந்தன. 2010 கோடையில் வாடகைக் குடியிருப்பு ஒன்றில் ஜன்னல் ஏசி வைத்தால் காலி செய்யச் சொல்லி மிரட்டல் வருவதாகப் புகார்கள் வந்தன. ஒன்று, இரண்டு, பிறகு 16. வக்கீல்கள் முகவரிகளை அடுக்கிப் பார்த்தால் எல்லாம் ஒரே உரிமையாளரின் சொத்து. அவரிடம் இப்படி 19 வளாகங்கள். அந்தக் குடும்பங்களின் குழந்தைகளில் ஆஸ்துமா அதிகம், ரத்தத்தில் ஈயம் கூடியிருந்த குழந்தைகளும் உண்டு. குடியிருப்போர் சங்கங்கள் அமைந்தன, சட்டப்படி நடவடிக்கை போனது, 11 வளாகங்களில் பெரிய அளவில் பழுதுபார்ப்பு நடந்தது. தனித்தனிப் பரிசோதனை அறைகளில் மருத்துவர்கள் கேட்டவை ஒரு மேசைக்கு வந்து சேர்ந்ததால்தான் இது பிடிபட்டது. பல இடங்களில் அப்படிச் சேருவதில்லை. சர்வதேச நோய்ப் பட்டியலில் இதற்கென்று இசட்55 முதல் இசட்65 வரை குறியீடுகளே இருக்கின்றன. வீடும் பொருளாதாரமும் இசட்59-இல் வரும். மருத்துவர்கள் அவற்றை எழுதுவது அபூர்வம். எழுதினால் பெரும்பாலும் காசு வருவதில்லை என்பது ஒரு காரணம். அம்மா பார்க்கும் பதிவேட்டில் ‘வறுமை’ என்று எழுதக் கூசுவது இன்னொன்று.

இதே துறையில் உழைத்த கார்க் 2016-இல் சக மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு எச்சரிக்கை எழுதினார். கொடுக்க எதுவுமில்லாமல் கேட்பது பலனற்றது மட்டும் அல்ல, நெறியற்றதும்கூட என்பது அதன் சாரம். நியாயம்தான். காதுவலிக்கு வந்தவரின் வீட்டுக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, சரி என்று மூடிவிட்டுப் போவதற்கு ஆய்வு என்று பெயர் வைக்க முடியாது. வாடகை வீடே கிடைக்காத நகரத்தில் எத்தனை துல்லியமான கேள்வித்தாளும் ஒரு வீட்டைக் கட்டித் தராது.

சில குழுக்கள் இப்போது கேள்வியையே திருப்பிப் போடுகின்றன. ‘உங்களுக்கு என்ன குறை?’ என்று கேட்காமல், இன்னின்ன உதவிகள் இருக்கின்றன, எது வேண்டும் என்று பட்டியலை நீட்டுகிறார்கள். குறை இருப்பதாகச் சொன்ன பலர் உதவி வேண்டாம் என்கிறார்கள், குறை இல்லை என்று குறித்த சிலர் உதவி கேட்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் தெரிந்ததன் விளைவு இது. ‘ஒருபோதும் இல்லை’ என்று தொட்ட நம் அம்மாவும் பட்டியலைப் பார்த்தால் எதையாவது சுட்டிக்காட்டக்கூடும்.

கார்க் குழுவின் பழைய தாள் இதற்கு எப்போதோ இடம் விட்டு வைத்திருந்தது. ‘பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறீர்களா?’ என்ற மாதிரி ஒவ்வொரு கேள்விக்கும் கீழே, இதற்கு உதவி வேண்டுமா என்று இன்னொன்று. அதற்கு மூன்று கட்டங்கள்: வேண்டும், வேண்டாம், பிறகு பார்க்கலாம்.